சோலையண்ணன் வண்டியில் ரோட்டர் இல்லை

வண்டியில் ஸ்கேனரை மாட்டினால் கோளாறு என்னவென்று திரையில் வந்து நிற்கும் காலத்தில் நீங்கள் இந்த மெக்கானிக் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். கொஞ்சம் பொறாமையும்கூட. ஆனால் காரைக்குடியைச் சுற்றி இன்னும் பல வீடுகளில் ஸ்கேனர் மாட்ட இடமே இல்லாத பழைய பெட்ரோல் வண்டிகள் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்குகின்றன. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, கோயில் என்று வருடத்தில் நாலைந்து நாள் அவற்றை எழுப்புவார்கள். எழுந்திருக்காவிட்டால் உங்களுக்கு போன் வரும்.

வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியது மூன்றுதான். ஸ்டார்ட்டர் சுற்றுகிறதா, பெட்ரோல் மேலே வருகிறதா, பிளக்கில் நெருப்பு விழுகிறதா. இதை நீங்கள் என்னைவிட வேகமாகப் பார்ப்பீர்கள், நான் அதைச் சொல்ல வரவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் நான் மிகச் சுருக்காகக் கண்டுபிடித்த கோளாறு ஒன்று உண்டு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் அரை மணி நேரத்துக்குள் ஒரு மனிதரை நெல் லாரிக்குக் கீழே கொடுக்கப் பார்த்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

வண்டிக்காரர் பெயர் சோலையப்பன். நான் சோலையண்ணன் என்று கூப்பிடுவேன். எழுபத்தாறு வயது, நல்ல உயரம், சலவை வேட்டி, தாழ்ந்த குரல். சென்னையில் தொழில் பார்த்தவர். ஊர் வீட்டில் நிற்கும் பச்சைக் காரை அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் கூப்பிட்டார்.

"பாய், நேத்துத்தான் மெட்ராசுலேர்ந்து வந்தோம். வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஆச்சிய நாட்டரசன்கோட்டைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்கேன். கொஞ்சம் வந்து பாக்குறீகளா?"

அந்த வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வண்டிக் கொட்டகை பின்தெருப் பக்கம். நான் போனபோது பதினொரு மணி இருக்கும். வெயில் நடுமுற்றத்து வளவுக்குள் இறங்கி, கல்தரையில் சும்மா படுத்துக் கிடந்தது. கூரையில் புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன. அந்த மாதிரி வீடுகளில் எனக்கு எப்போதும் ஒரு மயக்கம் வரும். கண் திறந்திருக்கும், மனசு எங்கோ மிதக்கும். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சத்தம் கொட்டகையிலிருந்து உள்ளே போய், அறை அறையாகத் தொட்டுவிட்டு, கடைசிக் கதவு வரை போய்த் தேய்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே இன்னொரு தடவை திருப்பினேன்.

ஸ்டார்ட்டர் தெம்பாகச் சுற்றியது. பெட்ரோல் வந்தது, வாசனையும் புதுசாக இருந்தது. பிளக் வயரைக் கழற்றி இஞ்சின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அண்ணனைச் சாவி போடச் சொன்னேன். நெருப்பு இல்லை. எனக்கு உடனே சிரிப்பு வந்துவிட்டது.

ஏன் சிரித்தேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகும்போது வண்டியை யாரும் கிளப்பிக்கொண்டு போய்விடாமல் ரோட்டரைக் கழற்றி எடுத்து வைப்பார்கள். ரோட்டர் என்பது டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடிக்குள் சுற்றும், கட்டைவிரல் அளவுத் துண்டு. நாலு பிளக்குக்கும் நெருப்பைப் பங்கு வைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் நாள் முழுக்கச் சுற்றலாம், வண்டி இருமக்கூட இருமாது. திரும்பி வந்தவர்கள் அதை மாட்ட மறந்துவிட்டு, "பாய், வண்டி செத்துப் போச்சு" என்று அலறுவார்கள். இப்படி எத்தனையோ வீடு பார்த்திருக்கிறேன். அதற்காகவே பெட்டியில் இரண்டு ரோட்டர் வைத்திருப்பேன்.

மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டுத் தூக்கினேன். நினைத்தபடியே ரோட்டர் இல்லை.

"அண்ணே, வீட்டைப் பூட்டிட்டுப் போறப்ப யாரோ எடுத்து வச்சிருக்காக. எங்க வச்சோம்னு நீங்க தேடிக்கிட்டிருங்க, இப்பத்திக்கு என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றேன். மாட்டினேன். முதல் சாவிக்கே வண்டி பாடியது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சத்தம் கேட்டு நாச்சம்மை ஆச்சி, அவருடைய மனைவி, உள்ளேயிருந்து வேகமாக வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, "அஞ்சு நிமிசம் ஆச்சி, ஒரு நடை ஓட்டிப் பாத்துட்டு வந்துர்றோம்" என்று பல்லைக் காட்டினேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நீங்களாக இருந்தால் கண்டுபிடித்திருப்பீர்களோ என்னவோ. மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டு வண்டியில் பேட்டரி அப்படிச் சுற்றாது. பெட்ரோல் புதுசாக மணக்காது. கண்ணாடியில் தூசி இல்லை. இத்தனையும் என் கண்ணில் பட்டன, ஆனால் புத்தி வேறு எங்கோ இருந்தது. ஊர்ப் பழக்கம் தெரியும் என்கிற திமிர் கண்ணை மறைத்துவிட்டது. ரோட்டர் இல்லை என்று கண்டுபிடித்தேன். எப்போது, யார், ஏன் எடுத்தார்கள் என்று கேட்கவில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் எந்த வீட்டுக்குப் போனாலும் பானெட்டைத் திறக்கும் முன் குடிக்கத் தண்ணீர் கேட்பார். கொண்டுவந்தவரிடம் வண்டி கடைசியாக எங்கே போனது என்று சும்மா பேச்சுக் கொடுப்பார். மனுசனுக்கு எப்போது பார்த்தாலும் தாகம் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கேலி செய்வோம்.

அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்தெருவுக்கு வந்ததும் வண்டி நின்றது. அவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், மறுபடி வலப்பக்கம். பிறந்து வளர்ந்த தெரு. சைக்கிள் ஏதும் வருகிறதோ என்று பார்க்கிறார் என எண்ணிக்கொண்டேன். பிறகு திருப்பினார். ஓட்டினார் பாருங்கள், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. கியர் மாறுவது தெரியவில்லை. கை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது. புதுவயல் ரோட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. நான் மறுபடி மிதக்க ஆரம்பித்துவிட்டேன்.

"கம்மாயில எம்புட்டுத் தண்ணி நிக்கிது பாத்தீகளா பாய்" என்றார்.

பார்த்தேன். அங்கே கண்மாய் இல்லை. வரிசையாக வீடுகளும் ஒரு செல்போன் கடையும் இருந்தன. பழைய பேச்சைப் பேசுகிறார் என்று தலையாட்டினேன். கொஞ்ச தூரத்தில் வண்டி மெல்ல மெல்ல ரோட்டின் வலப்பக்கம் போனது. எதையும் முந்தவில்லை. அது ஒற்றை வழிப் பாதை, எதிரே யாரும் வரமாட்டார்கள் என்பது போல நிம்மதியாகப் போனார். எதிரே அரிசி ஆலைக்குப் போகிற நெல் லாரி வந்துகொண்டிருந்தது. லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அண்ணன் புன்னகையோடு லாரியைப் பார்த்தபடி போனார்.

தூக்கம் தெளிந்தது எனக்கு. ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தால் அவர் பயந்து எதிர்ப்பக்கம் இழுப்பார். கத்தினால் காலை எதில் வைப்பாரோ தெரியாது. இதெல்லாம் இப்போது சொல்ல வருகிறது, அப்போது யோசிக்க எங்கே நேரம்? வாயில் வந்தது ஒன்றுதான். சாதாரணக் குரலில், கையை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, "அண்ணே, ஒரு சத்தம் கேக்குது. இடது ஓரமா நிப்பாட்டுங்க, பாப்போம்" என்றேன்.

பழைய வண்டி வைத்திருப்பவர் எதை மறந்தாலும் இதை மறக்கமாட்டார். மெக்கானிக் சத்தம் கேட்கிறது என்றால் நிறுத்த வேண்டும். அந்த நொடியே இண்டிகேட்டர் போட்டு, இடது பக்கம் ஒடித்து, ஒரு வேப்பமரத்தடியில் அழகாக நிறுத்தி, இஞ்சினையும் அணைத்தார். லாரி வசவை அள்ளி வீசிவிட்டுக் கடந்து போனது. நான் இறங்கி பானெட்டைத் தூக்கி, அதற்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பது போலக் கேட்டார்.

"பாய், நம்ம இப்ப எங்குட்டு இருக்கோம்?"

திரும்பும்போது நான் ஓட்டினேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை.

கொட்டகை வாசலில் ஆச்சி நின்றுகொண்டிருந்தார். போனபோது நின்ற அதே இடம். அண்ணன் முகம் கழுவ உள்ளே போனதும் என்னிடம் வந்தார்.

"கூட்டிட்டு வந்துட்டீகளா பாய். நல்லா இருங்க. நான்தான் அதை எடுத்து வச்சேன்."

அவர்கள் நேற்று வரவில்லை. சென்னையை விட்டுவிட்டு ஊரோடு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. போன மாதம் சாக்கோட்டைக்கு என்று கிளம்பிய அண்ணன் சாயங்காலம் வரை வரவில்லை. புதுவயலில் ஓர் ஆலை வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். மூட்டை தூக்குகிறவர்கள் தண்ணீர் கொடுத்து, சட்டைப்பையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். மறுநாளே ஆச்சி ரோட்டரைக் கழற்றிவிட்டார். வீடு பூட்டும் ஒவ்வொரு தடவையும் அதை வாங்கிப் பத்திரப்படுத்தியவர் அவர்தான், கழற்றத் தெரியாதா என்ன.

"அண்ணன்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆச்சி" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். பயந்ததை யார் மேலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

"சொன்னேன் பாய். மூணு தரம் சொன்னேன். ஒவ்வொரு தரமும் அவுக புதுசாக் கேட்டாக. புதுசா அழுதாக. காலையில எந்திரிச்சா வண்டிச் சாவிய எடுக்குறாக. நான் என்ன செய்யட்டும்? மகனுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் அவன் பிளாட்டுக்குத் தூக்கிட்டுப் போயி நாலாவது மாடியில வச்சிருவான். இந்த வீட்டுக்குள்ளயாவது அவுகளுக்கு வழி தெரியுது."

மாட்டிய ரோட்டரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துக் காலையில் போன். "பாய், நேத்துத்தான் மெட்ராசுலேர்ந்து வந்தோம். வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

போனேன். இந்தத் தடவை புத்திசாலித்தனமாக ஒரு பொய் சொன்னேன். "ஒரு சாமான் மதுரையிலேர்ந்து வரணும்ணே, வந்ததும் மாட்டிருவோம்." அதற்கு நான் பட்ட பாடு! உண்மையை ஒரே ராத்திரியில் மறக்கிறவர் அந்தப் பொய்யை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் பத்துத் தடவை போன் செய்து சாமான் வந்ததா என்பார். பின்வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு வெயிலில் காத்திருக்கிறார் என்று ஆச்சி அழுதார். "பாய், நீங்க பொய்யும் சொல்ல வேணாம், மாட்டவும் வேணாம். வந்து பாருங்க, அது போதும்" என்றார்.

அதன்படியே செய்தேன். கூப்பிடும்போதெல்லாம் போவேன். ஒரே வண்டிக்கு ஒரே கோளாறை அத்தனை தடவை கண்டுபிடித்த மெக்கானிக் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்கமுடியாது. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே. ஸ்டார்ட்டர், பெட்ரோல், பிளக் வயர். அவசரப்படமாட்டேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் உற்றுப் பார்ப்பார், நடுவில் யோசனை சொல்வார், அதில் பாதி சரியாகவும் இருக்கும். அந்தக் காலைகள் எனக்குப் பிடித்துப்போயின. புறா முனகும், வெயில் தரையில் நகரும், நாங்கள் இரண்டு பேரும் விடை தெரியாதது போல அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவோம். கடைசியில் மூடியைத் தூக்கி, "ரோட்டர் இல்லண்ணே" என்பேன்.

"யாரு எடுத்தது?"

"ஆச்சிகிட்டக் கேளுங்கண்ணே."

ஆச்சி வந்து சொல்வார், ஒளிக்காமல், மெதுவாக. சில நாள் அண்ணன் கோபத்தில் சாவியை வீசி எறிவார். சில நாள் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். நான் சாமான்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, காதில் விழாதவன் போல இருப்பேன். அது கொடுமைதான். சொல்லாமல் இருந்திருந்தால் அதைவிடக் கொடுமை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மகனிடம் ஆச்சி தானாகவே சொன்னார். மகன் வந்து பார்த்தார், இரண்டு நாள் சண்டை போட்டார். பிறகு பேச்சை விட்டு, வீட்டோடு இருக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். ஒரு வெள்ளிக்கிழமை ஆச்சியிடம் ரோட்டரை வாங்கி மாட்டி, நானே அவர்கள் இருவரையும் நாட்டரசன்கோட்டைக்கு ஓட்டிப் போனேன். தன் வண்டியில் அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கல்லல் தாண்டியதும் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு, "இது எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆச்சி ஒவ்வோர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தார், அன்றைக்குத்தான் அந்த ஊர்களுக்குப் பெயர் வைத்தது போல. திரும்பி வந்ததும் ரோட்டரை ஆச்சியிடமே கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான். கோளாறு கிடைத்ததும் கையை நிறுத்துங்கள். வீட்டில் இருக்கிற அத்தனை பேரிடமும் பேசுங்கள். முக்கியமாக, வண்டி கிளம்பியதும் சிரிக்காத ஆளிடம். வண்டி ஓடவேண்டும் என்று ஒருவர் கூப்பிடுவார். ஓடக்கூடாது என்று இன்னொருவர் உள்ளே சாமியை வேண்டிக்கொண்டிருப்பார். நீங்கள் இரண்டு பேருக்கும் மெக்கானிக்.

கடைசியாக நான் அங்கே போனது மழை விட்ட ஒரு காலைப்பொழுது. அண்ணன் ரொம்ப இளைத்திருந்தார். என் பெயர் அவருக்கு வரவில்லை, "மெக்கானிக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வழக்கம்போல எல்லாவற்றையும் பார்த்து, மூடியைத் தூக்கி, "ரோட்டர் இல்லண்ணே" என்றேன்.

யார் எடுத்தது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து வந்து, குனிந்து, அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவதான் எடுத்து வச்சிருப்பா" என்றார்.

"கேட்டு வாங்கட்டுமாண்ணே?"

"வேணாம். அவ எடுத்து வச்சிருக்கான்னா ஒரு காரணம் இருக்கும். மூடிருங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் ஆச்சி நின்றிருந்தார் போலிருக்கிறது. விம்மல் கேட்டது. எனக்குக் கேட்டது போலவே அண்ணனுக்கும் கேட்டது. காதைச் சாய்த்து ஒரு நொடி நின்றவர், "என்னன்னு பாத்துட்டு வாரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார்.